மேலே கயிறு பிடித்தவர்கள்

2024 செப்டம்பர் 2, திங்கட்கிழமை இரவு. ஆத்தூரில் திருச்செந்தூர் சாலையோரத்து வெற்றிலைக் கடை ஒன்றின் வாசலில் ஐந்தாறு பேர் ஒரே கைபேசியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். பாரிஸில் துளசிமதி முருகேசன் பாராலிம்பிக் பேட்மின்டன் இறுதிப் போட்டி ஆடிக்கொண்டிருந்தார். காஞ்சிபுரத்துப் பெண். எதிரே சீனாவின் யாங் சியூசியா. சிக்னல் விட்டு விட்டு வந்தது. பந்து அந்தரத்தில் நிற்கும், ஸ்கோர் மட்டும் மாறியிருக்கும்.

“பாவம், அந்தக் கைய வச்சிக்கிட்டு…” என்று ஒருவர் ஆரம்பித்தார். இன்னொருவர் “அதுக்கே ஒரு கும்பிடு போடணும்” என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் ஸ்கோர் என்ன, எதிரில் ஆடுவது யார் என்று யாரும் கேட்கவில்லை.

கூட்டத்தில் ஒருவர் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடிக்கால் வேலை பார்க்கிறவர். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கை சூம்பிப்போனது. இலையை முழங்காலில் அணைத்துக்கொண்டு அவர் கவுளி அடுக்கும் வேகத்துக்கு, இரண்டு கையும் சுகமாக இருக்கிறவர்கள் பக்கத்தில் நிற்க முடியாது. கடைசியில் என்னிடம் திரும்பிக் கேட்டார்: “அந்தப் பிள்ள சர்வீஸ் எப்படிப் போடுது, அண்ணாச்சி?”

அந்த இரவில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஷட்டில் ஆட்டத்தில் ராக்கெட் பிடிக்காத கைக்கு வேலை இல்லை என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். ஆடிப் பார்த்தால்தான் தெரியும். சர்வீஸுக்குப் பந்தைப் பிடித்து விடுவது அந்தக் கை. பந்து தலைக்கு மேலே வரும்போது முதலில் உயர்வதும் அந்தக் கைதான். அது மேலே போய்க் கீழே இறங்கும் விசையில்தான் தோளும் இடுப்பும் திரும்பி, ஸ்மாஷுக்கு வேகம் கிடைக்கிறது. நெட்டை நோக்கி ஓடிக் காலை நீட்டி ஊன்றும்போது பின்னால் விரிந்து உடம்பைச் சமன் செய்வதும் அதுவே. அந்தக் கையில் பலம் இல்லையென்றால் சமநிலையை இடுப்பிலிருந்தும் கால்களிலிருந்தும் வரவழைக்க வேண்டும். ஒரு கை முற்றாக இல்லாதவர்கள், ராக்கெட் பிடித்த கையாலேயே பந்தையும் விடுவித்து சர்வீஸ் போடுகிறார்கள். சலுகை எதுவும் கிடையாது. அடிக்கும் நொடியில் பந்து முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று 2018 முதல் இருக்கும் விதி இவர்களையும் கட்டுப்படுத்தும்.

துளசிமதி ஆடுவது எஸ்யு5 பிரிவு. கை, தோள் பகுதியில் குறைபாடு உள்ளவர்களுக்கானது. பாரா பேட்மின்டனில் மொத்தம் ஆறு பிரிவுகள். சக்கர நாற்காலியில் ஆடுபவர்களுக்கு இரண்டு, கால் குறைபாடு உள்ளவர்களுக்கு எஸ்எல்3, எஸ்எல்4, கைக்கு எஸ்யு5, உயரம் குறைந்தவர்களுக்கு எஸ்எச்6. எஸ்எல்3 வீரர்கள் ஒற்றையரில் பாதி மைதானத்தில்தான் ஆடுகிறார்கள். கால் குறைபாடு அதிகம் என்பதால் நீளவாக்கில் பாதியாகப் பிரித்துவிடுகிறார்கள். எஸ்யு5 பிரிவுக்கு அது இல்லை. 13.4 மீட்டர் நீளம், ஒற்றையருக்கு 5.18 மீட்டர் அகலம், முழு மைதானம். பி.வி.சிந்து ஓடும் அதே தூரத்தைத் துளசிமதியும் ஓட வேண்டும்.

அன்று துளசிமதி 17–21, 10–21 என்று தோற்றார். வெள்ளி. அதே நாளில் திருவள்ளூர் மனிஷா ராமதாஸ் டென்மார்க்கின் கேத்தரின் ரோசன்கிரெனை 21–12, 21–8 என்று வென்று வெண்கலம் எடுத்தார். பாராலிம்பிக் பேட்மின்டனில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண்கள் இவர்கள் இருவரும். அடுத்து ஓசூர் நித்யஸ்ரீ சுமதி சிவன் எஸ்எச்6 பிரிவில் இந்தோனேசியாவின் ரினா மார்லினாவை 21–14, 21–6 என்று வீழ்த்தி இன்னொரு வெண்கலம். பாரிஸில் இந்தியா பேட்மின்டனில் பெற்ற பதக்கங்கள் ஐந்து. தங்கம் நிதேஷ் குமாருக்கு, மற்றொரு வெள்ளி சுஹாஸ் யதிராஜுக்கு. மீதி மூன்றும் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு. துளசிமதிக்கு வயது 22, மற்ற இருவருக்கும் 19.

மறுநாள் ‘தன்னம்பிக்கை’, ‘தடைகளைத் தகர்த்து’ என்ற சொற்கள் எல்லாப் பக்கங்களிலும் வந்தன. 17–21 என்ற எண்ணை யோசித்தவர்கள் குறைவு. முதல் கேமில் 17 வரை வந்த ஆட்டம் இரண்டாவதில் ஏன் 10இல் நின்றது என்று ஒரு விளையாட்டுப் பத்திரிகையாளர் கேட்டிருந்தால் அதுதான் துளசிமதிக்குச் செய்த மரியாதை என்பேன். சிந்து தோற்றால் கேட்கிறோம் இல்லையா?

காஞ்சிபுரத்திலிருந்து ஹாங்சோ

துளசிமதி பிறந்தது 2002 ஏப்ரலில். இடது கையில் பிறவியிலேயே குறை. பிறகு நேர்ந்த ஒரு விபத்தில் அதே கையின் நரம்பு பாதிக்கப்பட்டு, தசை சூம்பி, அசைவும் குறைந்தது. அப்பா முருகேசன் கூலி வேலை பார்த்தவர், விளையாட்டுப் பித்து உள்ளவர். மகள்கள் இருவரையும் அவரே மைதானத்துக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினார். பயிற்சியாளருக்குக் கொடுக்கப் பணம் இல்லாத வீட்டில் அப்பாவே பயிற்சியாளர் ஆனார்.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. ஆத்தூரிலிருந்து தாமிரபரணி கிழக்கே கொஞ்ச தூரம் போனால் புன்னக்காயலில் கடல். பக்கத்தில்தான் பழைய கொற்கை. இந்தக் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். குளிக்கிறவர் கல்லைக் காலில் பற்றிக்கொண்டு பல பாகம் ஆழம் இறங்குவார். ஒரு மூச்சுக்குள் சிப்பியைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் இழுக்க வேண்டும். இழுப்பு ஒரு கணம் தாமதித்தாலும் முத்தும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் கயிறு பிடிப்பவர் மச்சானாக இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்களாம். தங்கச்சி தாலி மேல் அக்கறை உள்ளவன் கயிற்றை விடமாட்டான் என்ற கணக்கு. முத்து எடுத்தவரைத்தான் ஊர் பேசும். கயிறு பிடித்தவர் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை.

துளசிமதிக்கு முதல் கயிற்றை அப்பா பிடித்தார். கூடவே ஆடிய அக்கா தங்கை உறவும் ஒரு கயிறுதான். வீட்டுக்குள்ளேயே எதிராட்டக்காரர் இருந்தால், மைதானத்தில் ஆள் சேரவில்லை என்று ஒரு நாள் பயிற்சிகூட நிற்காது. பிறகு ஹைதராபாதில் கோபிசந்த் அகாடமி. இடையில் படிப்பையும் விடவில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவி. கால்நடை மருத்துவம் விட்டுவிட்டுப் படிக்கிற படிப்பு இல்லை. செய்முறை வகுப்பு, பண்ணை, தேர்வு எல்லாம் வரிசையாக நிற்கும். அதற்கு நடுவே வெளிநாட்டுப் போட்டிக்குப் போய்வர வேண்டுமென்றால் கல்லூரியில் யாரோ அனுமதிக் கடிதத்தில் தயங்காமல் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அதுவும் கயிறுதான்.

அவர் விளையாட்டு வாழ்க்கையின் உச்சம் எது என்று என்னைக் கேட்டால் பாரிஸ் என்று சொல்லமாட்டேன். ஹாங்சோ. 2022இல் நடக்க வேண்டிய ஆசிய பாரா விளையாட்டுகள் கொரோனாவால் தள்ளிப்போய் 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் நடந்தன. பெண்கள் ஒற்றையர் எஸ்யு5 இறுதியில் துளசிமதியும் யாங் சியூசியாவும். யாங் அப்போது டோக்கியோ பாராலிம்பிக் சாம்பியன். ஆட்டம் நடப்பதோ அவர் நாட்டில், அவர் ஜனங்கள் முன்னிலையில். துளசிமதி 21–19, 21–19 என்று ஜெயித்தார். இரண்டு கேமும் இரண்டே இரண்டு புள்ளி வித்தியாசம். ஆட்டம் தெரிந்தவர்களுக்கு அந்த எண்களே போதும். கடைசி நேரத்தில் கை நடுங்காதவர் மட்டுமே எடுக்கக்கூடிய புள்ளிகள் அவை.

அதே போட்டியில் மானசி ஜோஷியுடன் பெண்கள் இரட்டையரில் வெள்ளி, நிதேஷ் குமாருடன் கலப்பு இரட்டையரில் வெண்கலம். மூன்று பிரிவு, மூன்று பதக்கம். மானசி 2011இல் சாலை விபத்தில் இடது காலை இழந்தவர். 2019இல் உலக சாம்பியன். நிதேஷ் 2009இல் ரயில் விபத்தில் காலை இழந்தவர், மண்டி ஐ.ஐ.டி.யில் படித்தவர். கால் குறைபாடு உள்ளவர்களோடு கைக் குறைபாடு உள்ளவர் ஜோடி சேரும்போது ஆட்டத்தில் ஒரு தனி ஏற்பாடு வேண்டியிருக்கிறது. ஓட வேண்டிய தூரத்தில் பெரும்பங்கை ஓடக்கூடியவர் ஏற்க வேண்டும். இடத்தை விட்டு அதிகம் நகராமல் கைவேகத்தாலும் பந்தை வைக்கும் இடத்தாலும் ஆட்டத்தைப் பிடிப்பது மற்றவர் வேலை. ஒருவர் காலை இன்னொருவர் கடன் வாங்கி ஆடுவது மாதிரி. இதை ஒரு முறையாவது முழு ஆட்டமாகப் பாருங்கள். இரண்டு கை, இரண்டு கால் நன்றாக உள்ள இரட்டையர் ஆட்டத்தைவிட இதில் சதுரங்கம் அதிகம்.

ஆனால் இங்கே ஒரு வருத்தமும் உண்டு. டோக்கியோவில்தான் பேட்மின்டன் முதன்முதலாகப் பாராலிம்பிக்கில் சேர்ந்தது. அதில் எஸ்எல்3–எஸ்யு5 பெண்கள் இரட்டையர் இருந்தது. இந்தியாவின் சார்பில் பருல் பர்மாரும் பாலக் கோலியும் ஆடினார்கள். பாரிஸுக்கு மொத்தப் பிரிவுகள் 14இலிருந்து 16ஆகக் கூடின. ஆனால் அந்தப் பெண்கள் இரட்டையர் கழன்றுவிட்டது. ஹாங்சோவில் வெள்ளி எடுத்த மானசி–துளசிமதி ஜோடிக்கு பாரிஸில் ஆடவே இடம் இல்லை. கலப்பு இரட்டையரில் நிதேஷும் துளசிமதியும் ஆடினார்கள். பதக்கம் வரை போகவில்லை. பாரா விளையாட்டில் எதிராளியோடு மட்டும் மோதினால் போதாது, அட்டவணையோடும் மோத வேண்டும். நான்கு ஆண்டு உழைத்த ஒரு ஜோடியை ஒரு குழுவின் ஒரு வரித் தீர்மானம் கலைத்துவிடும்.

அதே தீர்மானம் இன்னொருவருக்கு வாசல் திறந்தது. பெண்கள் எஸ்எச்6 ஒற்றையர் பாராலிம்பிக்கில் நுழைந்தது பாரிஸில்தான். நித்யஸ்ரீ உள்ளே வந்தது அந்த வாசல் வழியாக.

நெட்டுக்குக் கீழே ஒரு தலை

நித்யஸ்ரீயைப் பற்றி ஒரே ஒரு கணக்கைச் சொல்கிறேன். எஸ்எச்6 பிரிவில் பெண்களுக்கு உச்சவரம்பு 137 சென்டிமீட்டர் உயரம். நெட்டின் நடுப்பகுதி உயரம் 1.524 மீட்டர், அதாவது ஏறத்தாழ 152 சென்டிமீட்டர். இந்தப் பிரிவுக்காக நெட்டை இறக்குவதில்லை. ஆக, நேரே நின்றாலும் நெட்டின் மேல்விளிம்பு தலைக்கு மேலே குறைந்தது 15 சென்டிமீட்டர் இருக்கும். நாம் பார்ப்பது போல அவர்கள் எதிர்ப்பக்கத்தை நெட்டுக்கு மேலாகப் பார்க்க முடியாது. வலைக்கண் வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஸ்மாஷ் அடிக்க வேண்டுமென்றால் துள்ள வேண்டும். மைதானத்தின் பின்கோடு நமக்கு நான்கு எட்டு என்றால் அவர்களுக்கு ஏழெட்டு எட்டு.

ஓசூர் வீட்டில் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் கிரிக்கெட் மேல்தான் பிரியம். சிறு வயதிலேயே தாயை இழந்த பெண். 2016 ரியோ ஒலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுச் சீனாவின் லின் டானுக்கு ரசிகை ஆனார். அங்கிருந்து ஷட்டில். பாரா பேட்மின்டனில் இந்தியாவுக்குக் கிடைத்த பெரிய கயிறு பிடிப்பவர்களில் ஒருவர் லக்னோவின் கௌரவ் கன்னா, துரோணாச்சாரியா விருது பெற்றவர். அவரிடம் நித்யஸ்ரீ பயிற்சி எடுத்தார். ஹாங்சோவில் ஒற்றையர், பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் மூன்றிலும் வெண்கலம். பாரிஸில் கலப்பு இரட்டையர் வெண்கலப் போட்டியில் சிவராஜன் சோலைமலையுடன் சேர்ந்து ஆடி இந்தோனேசிய ஜோடியிடம் தோற்றார். அந்த ஜோடியில் இருந்த பெண்தான் ரினா மார்லினா. ஒற்றையர் வெண்கலப் போட்டியில் அதே ரினா எதிரே வந்து நின்றபோது என்ன ஆனது என்பதை மேலே சொல்லிவிட்டேன். 21–6.

மனிஷாவின் கதை வேறு மாதிரி. பிறக்கும் நேரத்தில் தோள் நரம்பு இழுபட்டால் வரும் பாதிப்பு அவருக்கு வலது கையில். பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கும்போது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள நரம்புப் பின்னல் அதிகமாக இழுக்கப்படுவதால் வருவது இது. பதினோரு வயதில் ஷட்டில் தொடங்கினார். 2022இல் டோக்கியோ உலகப் போட்டி இறுதியில் ஜப்பானின் மாமிகோ தோயோதாவை அவர் மண்ணிலேயே வென்று உலக சாம்பியன் ஆனார். பதினேழு வயது. அந்த ஆண்டின் சிறந்த பாரா பேட்மின்டன் வீராங்கனை என்று உலக பேட்மின்டன் கூட்டமைப்பு அவரைத் தேர்ந்தெடுத்தது. பாரிஸ் காலிறுதியில் மறுபடியும் தோயோதா எதிரே வந்தார், மறுபடியும் மனிஷா ஜெயித்தார்.

அரையிறுதியில்தான் சங்கடம். எதிரே துளசிமதி.

தமிழ்நாட்டில் இந்த ஒரு ஆட்டத்தைப் பற்றி மட்டும் நாம் இன்னும் சரியாகப் பேசவில்லை என்பது என் எண்ணம். முதல் இரண்டு தரவரிசை இடங்களில் இருந்த இரண்டு தமிழ்ப் பெண்கள், பாராலிம்பிக் அரையிறுதி, பாரிஸ் போர்ட் தெ லா ஷப்பெல் அரங்கம். ஒருவர் ஜெயித்தால் வெள்ளியாவது உறுதி, தோற்றவர் வெண்கலத்துக்கு இன்னொரு முறை ஆட வேண்டும். முதல் கேம் 20ஐத் தாண்டி 21க்கு 21 ஆகி, 23–21இல் துளசிமதிக்குப் போனது. இரண்டாவது 21–17. காஞ்சிபுரத்துக்கும் திருவள்ளூருக்கும் நடுவே ஒரு பஸ் பயண தூரம்தான். அந்த இரண்டு ஊர்ப் பெண்களும் உலகத்தின் அந்த மூலையில் ஒருவரை ஒருவர் 23–21 வரை இழுத்தடித்திருக்கிறார்கள். ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் இப்படி நடந்திருந்தால் டீக்கடைகளில் ஒரு வருஷத்துக்கு ஓடியிருக்கும்.

யாங்கும் சாதாரணப்பட்டவர் இல்லை. டோக்கியோ தங்கம், பாரிஸ் தங்கம். 2024 தொடக்கத்தில் பட்டாயா உலகப் போட்டி இறுதியில் மனிஷாவை வென்றதும் அவர்தான். ஹாங்சோவில் தன்னை வீழ்த்திய பெண்ணை அடுத்த பத்து மாதங்களில் படித்துவைத்துக்கொண்டு பாரிஸுக்கு வந்திருக்கிறார். எஸ்யு5 பிரிவில் இந்த மூவருக்கும் இடையில் நடப்பது உண்மையான விளையாட்டுப் பகை. அதைப் பகையாகப் பார்க்காமல் அனுதாபமாகப் பார்த்தால் நஷ்டம் நமக்குத்தான்.

கச்சானும் ஐந்து கிராமும்

இனி ஆத்தூருக்கு வருகிறேன். எங்கள் ஊர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாண்டியர், சோழர் காலத்துப் பெருமை பேச சோமநாதர் கோயில் இருக்கிறது. ஷட்டில் வீராங்கனை என்று காட்ட ஒருவர் இல்லை. ஏன் என்று யோசித்தபோது முதலில் தோன்றியது காற்று.

இறகுப்பந்தின் எடை சுமார் ஐந்து கிராம். எங்கள் பக்கம் கச்சான் வீசும் மாதங்களில் அதைத் திறந்த வெளியில் அடித்தால் ஆறுமுகநேரி உப்பளத்தில்தான் போய் எடுக்க வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது தெருக்களில் ஆடியதெல்லாம் பூப்பந்து. மஞ்சள் கம்பளிப் பந்து, எடை 27 முதல் 30 கிராம். காற்றுக்கு ஈடுகொடுக்கும். தஞ்சாவூர் அரண்மனையில் பிறந்ததாகச் சொல்லப்படும் அந்த ஆட்டம் தென்மாவட்டக் கிராமங்களில் வேரூன்றியதற்குப் பெரிய காரணம் அதற்குக் கூரை வேண்டாம் என்பதே. இரண்டு கம்பம், ஒரு வலை, சாயங்கால வெளிச்சம் போதும். ஷட்டிலுக்குக் கூரை வேண்டும், உயரமான கூரை. தரை வழுக்கக் கூடாது. வெளிச்சம் கண்ணில் அடிக்கக் கூடாது. இதெல்லாம் கிராமத்தில் கிடையாது, நகரத்தில் மணிக்கணக்கில் வாடகை.

பாரா பேட்மின்டனுக்கு இதற்கு மேலும் சில வேண்டும். சக்கர நாற்காலி உள்ளே போக ஒரு சாய்தளம். ஒரே ஒரு படி இருந்தாலும் அந்த அரங்கம் அவர்களுக்கு இல்லாததுதான். அடுத்து, பிரிவு எது என்று சொல்லும் ஆள். இதில் பல பெற்றோர் ஏமாறுகிறார்கள். அரசு கொடுக்கும் மாற்றுத்திறனாளி சான்றிதழில் 40 சதவீதம், 60 சதவீதம் என்று போட்டிருக்கும். அது உதவித்தொகைக்கு, இடஒதுக்கீட்டுக்கு. விளையாட்டில் அதை வைத்துப் பிரிப்பதில்லை. தசை பலம், மூட்டு அசைவு, உறுப்பின் நீளம், உயரம் என்று தனியாக அளந்து, ஆடவைத்துப் பார்த்துத்தான் எஸ்யு5, எஸ்எல்4 என்று முடிவு செய்கிறார்கள். பெரிய சதவீதம் உள்ளவருக்கு ஏற்ற பிரிவு இல்லாமல் போகலாம். ‘இதெல்லாம் ஒரு குறையா’ என்று வீட்டார் நினைக்கும் கை, அளவுகோலுக்குள் வந்துவிடலாம்.

இந்த விஷயம் தெரியாமலே பலர் பொதுப் பிரிவில் மாவட்ட அளவில் ஆடி, தோற்று, ராக்கெட்டை மூலையில் வைத்துவிடுகிறார்கள். பள்ளியில் பி.டி. வகுப்பு என்றால் கை சூம்பிய பிள்ளையை மரத்தடியில் உட்காரவைத்து மற்றவர்களின் செருப்பையும் தண்ணீர்ப் பாட்டிலையும் பார்த்துக்கொள்ளச் சொல்வதை நானே பார்த்திருக்கிறேன். கெட்ட எண்ணத்தில் இல்லை. அடிபட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையில். அந்த அக்கறைதான் கயிற்றைக் கையிலேயே எடுக்காமல் விட்டுவிடுகிறது.

காசு ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லமாட்டேன். பாரிஸிலிருந்து திரும்பியதும் தமிழ்நாடு அரசு துளசிமதிக்கு 2 கோடி ரூபாயும், மனிஷா, நித்யஸ்ரீக்கும் உயரம் தாண்டுதலில் வெண்கலம் எடுத்த மாரியப்பனுக்கும் தலா 1 கோடி ரூபாயும் கொடுத்தது. மூன்று பெண்களுக்கும் அர்ஜுனா விருது அறிவிக்கப்பட்டு, 2025 ஜனவரி 17இல் குடியரசுத் தலைவர் மாளிகையில் வழங்கப்பட்டது. இதெல்லாம் நியாயமான மரியாதை. ஆனால் இந்தப் பணம் வருவது ஆள் மேலே வந்த பிறகு. கயிறு தேவைப்படுவது ஆள் கீழே இருக்கும்போது. நல்ல பந்து ஒரு டப்பா வாங்க, மாநிலப் போட்டிக்குப் பஸ் ஏற, வகைப்படுத்தல் நடக்கும் ஊருக்குத் துணைக்கு ஒருவர் போய்வர, அந்த வயதில் அந்தச் சில ஆயிரங்கள்தான் பெரிய தொகை. அங்கே இன்றும் பெரும்பாலும் அப்பாக்கள்தான் நிற்கிறார்கள்.

மச்சான் கதையில் எனக்குப் பிடித்தது அதன் பச்சையான சுயநலம். தங்கச்சி விதவையாகிவிடுவாள் என்ற பயம். விளையாட்டில் அப்படி ஒரு பயம் ஊருக்கு எப்படி வரும்? கூலிக்காரத் தகப்பன் ஒருவர் காஞ்சிபுரத்தில் அன்று மைதானத்துக்குக் கூட்டிப்போகாமல் இருந்திருந்தால் நாம் எதை இழந்தோம் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. அப்படித் தெரியாமலே இழந்தவர்கள் இந்தக் கடற்கரையில் எத்தனை பேரோ.

அன்று சர்வீஸ் பற்றிக் கேட்ட கொடிக்கால் நண்பருக்கு இதையெல்லாம் போன மாதம் விளக்கினேன். எஸ்யு5, 1.15 மீட்டர், சமநிலைக்கான கை, எல்லாம். கவுளி அடுக்கிக்கொண்டே கேட்டார். கடைசியில், “அப்போ எனக்கு அந்த வயசுல யாராச்சும் சொல்லியிருந்தா, நான் எந்தப் பிரிவு?” என்றார். எஸ்யு5ஆக இருந்திருக்கலாம், அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். சிரித்துவிட்டு அடுத்த கட்டை எடுத்தார்.

ஆத்தூர், முக்காணி, ஆறுமுகநேரி, காயல்பட்டினம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பில் கை சூம்பிய பிள்ளையோ, கால் தாங்கி நடக்கும் பிள்ளையோ, வயதுக்கு உயரம் மிகக் குறைந்த பிள்ளையோ இருந்தால் மரத்தடியில் உட்காரவைக்காதீர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், மாவட்ட விளையாட்டு அலுவலரிடமும் கூட்டிப்போய் எந்தப் பிரிவுக்கு வரும், எங்கே பழகலாம் என்று கேளுங்கள். அடுத்த பாராலிம்பிக் 2028இல் லாஸ் ஏஞ்சலஸில். அதற்கு நேரம் போதாது, 2032க்குப் போதும். ஆத்தூரிலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.